ஒரு செம்பி, இரண்டு ஷிஃப்ட்

என் இடத்துக்கு மூன்று பேரை எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருத்தி பார்த்த வேலையைப் பார்க்க மூன்று பேர் தேவைப்படுகிறது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் நீங்கள் மூவரும் பகுதி நேரம் என்று தெரிந்தது. போகட்டும், கொஞ்ச நேரமாவது பெருமைப்பட்டேன் இல்லையா?

கடை முதலாளி தவுக்கே உங்களுக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்திருப்பார். எனக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: கவுண்டரில் உட்கார், மெசேஜ் குரூப்பைப் பார்த்துக்கொள், வருகிறவர்களைச் சரியான மேசைக்கு அனுப்பு, ஐஸ் தீர்ந்தால் சொல். இதில் ஐஸ் விஷயம் எளிது. மீதியை நான் வேலையை விட்ட நாள் வரை கற்றுக்கொண்டுதான் இருந்தேன். புக்கிங் போடுவது, கம்ப்யூட்டரைச் சரிபார்ப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் ஆட்களைப் பிரிப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தம்போயில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்துகொண்டு நாம் செய்வது அதைத்தான். இங்கே எல்லோரும் ஆட வருவது ஆர்பிஜி. ஆர்பிஜி என்றால் நாம் நாமாக இல்லாமல் இன்னொருவராக வேடமேற்று ஆடுவது. இந்த ஒரு வரியோடு எல்லோருக்கும் சம்மதம். இரண்டாவது வரியில் சண்டை ஆரம்பித்துவிடும். கம்ப்யூட்டரில் முறை வைத்து யோசித்து ஆடுகிறவர்கள், வேகமாகப் பட்டனைத் தட்டி வெட்டுகிறவர்களை ஆர்பிஜி கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இந்த இருவரையும், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுகிறவர்கள் சேர்க்க மாட்டார்கள். உண்மையான வேடம் கட்டிக்கொண்டு பூங்காவில் அட்டைக் கத்தியோடு ஓடுகிறவர்கள் இவர்கள் யாரையும் சேர்க்க மாட்டார்கள். போனில் மாற்றி மாற்றிக் கதை எழுதி ஆடுகிறவர்கள் மட்டும் எல்லோரையும் சேர்த்துக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்களை ஒருவரும் சேர்த்துக்கொள்வதில்லை. ஒவ்வொருவரும் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சண்டை முற்ற முற்றத் தவுக்கேக்கு ஐஸ் டீ வியாபாரம் நன்றாக நடக்கும்.

ஒரு தடவை, பட்டன் தட்டும் விளையாட்டு ஆர்பிஜியா இல்லையா என்று குரூப்பில் இரண்டு பேர் ஒரு வாரம் அடித்துக்கொண்டார்கள். குரூப்பில் யாருக்கும் உண்மைப் பெயர் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவன் நெருப்பு ராஜா, மற்றவன் ஏதோ கறுப்புக் கழுகு. கடைசியில் நெருப்பு ராஜா என்னிடம் நேரில் வந்து, அந்தக் கழுகை குரூப்பை விட்டுத் தூக்குங்கள் என்றான். அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்த பையன், ராஜாவைத் தூக்கச் சொல்லத்தான் வந்திருந்தான். நான் இருவரையும் அறிமுகப்படுத்தி வைத்துவிட்டு ஐஸ் எடுக்கப் போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் எதிரே மாமாக் கடையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருக்கிறார்கள். கேள்விக்கு இன்றுவரை முடிவு வரவில்லை. நீங்களும் தேடாதீர்கள்.

எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுத்தவள் என் வயதில் பாதி. பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருக்கும் மலாய்ப் பெண். நான் ஃபேக்டரி மூடி வேலை போய், கண்ணாடி போட்ட பிறகு இங்கே சேர்ந்தவள். வேடமேற்று ஆடுவது என்றால் கோயில் திருவிழாவில் நாரதர் வேடம் போடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களிடம் நான், என்ன கேம் ஆடுவீர்கள், எத்தனாவது லெவல் என்று கேட்பேன். அவள் அதெல்லாம் கேட்க மாட்டாள். போன தடவை ஆடிவிட்டு வீட்டுக்குப் போய் என்ன சொன்னீர்கள் என்று மட்டும் கேட்பாள். புதுக் கத்தி கிடைத்தது என்று சொன்னவரை ஒரு மேசைக்கு அனுப்புவாள். ராணி செத்துப்போய்விட்டாள் என்று சொன்னவரை இன்னொரு மேசைக்கு. நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திட்டினார்கள் என்று சொன்னவரைக் கதவுக்கு மிக அருகில் உட்காரவைப்பாள். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை என்பவருக்கு முதலில் ஒரு டீ கொடுக்கச் சொல்வாள்.

இந்தக் கேள்வியை அறவே ஒப்புக்கொள்ளாத ஒருவன் இருந்தான். பிரகாஷ். இங்கே ஆடுகிறவர்களுக்கெல்லாம் அப்போது அவன்தான் தலைவன். வகை பிரிப்பதற்கு என்றே பிறந்தவன். பகலில் பிளாஸ்டிக் கம்பெனியில் தரப் பரிசோதகர் வேலை. மூடி சரியாக உட்காராத டப்பாவைத் தூக்கி ஒதுக்குவான். அந்தக் கை சனிக்கிழமையும் சும்மா இருக்காது. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் வகை சொல்லிவிடுவான். ஒரு நாள் மலை மாதிரி ஒரு லாரி டிரைவர் வந்தார். பிரகாஷ் அவரை நேராகச் சண்டை மேசையில் கொண்டுபோய் உட்காரவைத்தான். அந்த மனிதர் வாரா வாரம் எதிரிப் படையோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார். சாப்பிட்டீர்களா, ஏன் இந்த ராஜாவிடம் வேலை செய்கிறீர்கள் என்று விசாரிப்பார். மற்றவர்கள் உருவிய கத்தியோடு காத்திருந்து காத்திருந்து கொட்டாவி விட்டார்கள். நான் அவரைக் கதை மேசைக்கு மாற்றினேன். அங்கே அவர் பூ விற்கும் கிழவியாக ஆடி, ஒரு சாம்ராஜ்யத்தையே சமாதானம் செய்துவைத்தார். பிரகாஷ் அதைப் பார்த்துவிட்டு, அவர் ஒரு விதிவிலக்கு என்று சொன்னான்.

அவனைக் கேலி செய்கிறேன் என்று அவன் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் இல்லாவிட்டால் சனிக்கிழமை இங்கே மீன் மார்க்கெட்தான். ஆனால் ஒரு சனிக்கிழமை அவனும் நானும் நேருக்கு நேர் நிற்க வேண்டியதாயிற்று. அதைச் சொல்லத்தான் உங்களை இத்தனை நேரம் உட்காரவைத்தேன்.

நம் பெரிய வட்ட மேசையில் அப்போது ஒரு கூட்டம் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பகலில் இன்சூரன்ஸ் விற்கும் ஒரு தம்பிதான் அவர்களுக்குக் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவன். அந்தக் கதையில் செம்பி என்று ஒரு பாத்திரம். முன்னாள் திருடி; இப்போது சதுப்புக் காட்டில் ஆட்களுக்கு வழிகாட்டிப் பிழைக்கிறவள். ஒரு வாரம் செம்பி துணிந்து முதலைக்கு முன்னால் குதிப்பாள். அடுத்த வாரம் ஒரு சருகு அசைந்தால் கூட நின்று மூன்று தடவை யோசிப்பாள். மேசைக்குப் புதிதாக வந்தவர்கள் குழம்பினால், அமாவாசைக்கு அவளுக்கு அப்படி வரும் என்று கேம் மாஸ்டர் சமாளித்துவிடுவான்.

உண்மை என்னவென்றால் செம்பியை ஆடியது இரண்டு பேர். தம்போயிலேயே இருந்த மேகலா ஒருத்தி, உலு திராமிலிருந்து பஸ் பிடித்து வரும் ஜெசிந்தா இன்னொருத்தி. இருவரும் ஒரே எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில், ஒரே லைனில், ஒரே மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் வேலை செய்தார்கள். ஆனால் எதிரெதிர் ஷிஃப்ட். ஒருத்தி எழுந்த நாற்காலியில் மற்றவள் உட்காருவாள், சூடு கூட ஆறியிருக்காது. ஒருத்திக்குச் சனிக்கிழமை லீவு என்றால் மற்றவளுக்கு வேலை. இரண்டு பேருக்குமே ஆட ஆசை, இருவராலும் வாரா வாரம் வர முடியாது. அதனால் ஒரு செம்பியை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

ஷிஃப்ட் மாறும்போது மெஷினை ஒப்படைக்கப் பத்து நிமிடம் கொடுப்பார்கள். நானும் ஃபேக்டரியில் இருந்தவள், எனக்குத் தெரியும். எந்த ஸ்க்ரூ லூஸ், எந்தத் தட்டு மிச்சம், சூப்பர்வைசர் இன்றைக்கு எந்த மூடில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். கேட்டுக்கொண்டவர் ‘வாங்கிக்கிட்டேன்’ என்று சொன்ன பிறகுதான் முதல் ஆள் கிளம்பலாம். அந்தப் பத்து நிமிடத்தில் இவர்கள் மெஷினோடு சேர்த்துச் செம்பியையும் ஒப்படைத்துக்கொண்டார்கள். அவளுக்கு எங்கே காயம், பையில் என்ன இருக்கிறது, யாரோடு பேச்சு இல்லை என்று எல்லாம். அவர்களுடைய சிநேகிதமே அந்தப் பத்துப் பத்து நிமிடத்தில் வளர்ந்ததுதான். ஒன்றாக உட்கார்ந்து ஒரு டீ குடித்தது கிடையாது.

இப்படி இருக்கும்போது மேகலாவின் கணவருக்கு யோங் பெங்கில் ஒரு பாமாயில் ஆலையில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போகிறார்கள். மேகலா வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் ஊரை விட்டுப் போகும் நாள் ஒரு சனிக்கிழமையாக அமைந்தது. அன்றைக்கு ஜெசிந்தாவுக்கு லீவு. மேசையில் கதையும் ஒரு பெரிய கட்டத்துக்கு வந்திருந்தது. ஒரு பள்ளத்தின் மேல் இற்றுப்போன தொங்கு பாலம்; தாண்டினால் செம்பி பிழைப்பாள், விழுந்தால் அவள் கதை அதோடு சரி. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவளை ஒன்றாக உட்கார்ந்து ஆடிப் பார்க்கிறோம் அக்கா என்று இருவரும் தனித்தனியாக வந்து என்னிடம் கேட்டார்கள். நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். அழகான யோசனை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த வாரம்தான் பிரகாஷின் புது வகைப்பாடு வந்தது. அவன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வட்ட மேசை ஒன்றுதான் இருக்கிறது. காலேஜ் பிள்ளைகள் ஒரு குழுவாக அதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். யாருக்கு மேசை என்று முடிவு செய்ய ஒரு விதி வேண்டும். ஒரு ஆள் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதற்காக முடிவெடுத்து, அந்த முடிவின் பலனையும் தானே சுமந்தால் அது ஆர்பிஜி. சனிக்கிழமை மேசை அவர்களுக்கு. பல பேர் சேர்ந்து ஒரு பாத்திரத்தை நகர்த்தினால் அது கதை புனைவது, அவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை. விதியைப் படித்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் செம்பி இருக்கும் வரை அந்த மேசை செவ்வாய்க்கிழமைக்குப் போய்விடும். ஃபேக்டரிப் பெண்களுக்குச் செவ்வாய்க்கிழமை ஏது?

பிரகாஷிடம் வாதாடிப் பார்த்தேன். உங்கள் கம்பெனியிலும் ஷிஃப்ட் மாறுகிறது, காலையில் வந்தவன் விட்ட குறைக்கு ராத்திரிக்காரன் பதில் சொல்வதில்லையா, அது போலத்தானே இதுவும் என்றேன். அவன் யோசித்தான், அதை மறுக்க மாட்டேன். யோசித்துவிட்டு, டப்பா செய்வது வேறு, பாத்திரம் ஏற்பது வேறு என்றான். ஆனாலும் ஒன்று செய்வோம், சனிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன், செம்பிக்காக யாராவது துணிந்து முடிவெடுத்தால் மேசை அவர்களுக்கே, இல்லாவிட்டால் அன்றைக்கே பிள்ளைகளுக்கு மாற்றிவிட வேண்டும் என்றான். நான் ஒப்புக்கொண்டேன். அவனுக்கு எதிராக ஜெயித்துவிட்ட மாதிரி உள்ளுக்குள் ஒரு குஷி வேறு.

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் வந்தார்கள். மேகலா பட்டுப் புடவை. ஜெசிந்தா கோயிலுக்குப் போகும்போது போடும் கவுன். இரண்டு நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்கள். பிரகாஷ் சுவர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். காலேஜ் பிள்ளைகள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து, வீடு காலியாகும் என்று கேள்விப்பட்டு வந்தவர்களைப் போல எட்டி எட்டிப் பார்த்தார்கள். கேம் மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, பாலம் ஆடுகிறது, கீழே இருட்டு, செம்பி என்ன செய்கிறாள் என்று கேட்டான்.

“நீங்க சொல்லுங்க ஜெசி,” என்றாள் மேகலா.

“இல்ல, நீங்க சொல்லுங்க. இன்னிக்கு உங்க நாள்.”

“உங்க லீவு நாளுங்க இது. நான் சொன்னா நல்லாவா இருக்கும்?”

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அரை மணி நேரம் இதுதான் நடந்தது. செம்பி பாலத்தில் கால் வைக்கவே இல்லை. முதலைக்கு முன்னால் குதித்த மேகலா, ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பகடையைக் கீழே வைத்தாள். நின்று யோசிக்கும் ஜெசிந்தா, மேகலாவுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று அதையும் சேர்த்து யோசித்தாள். கூட ஆடியவர்கள் பொறுமையாகத்தான் இருந்தார்கள். ஆனால் பொறுமையாக இருக்கிறார்கள் என்பது வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. மேகலாவுக்குக் கண் கலங்கிப் போயிற்று. ஆசை ஆசையாக வந்தது இதற்குத்தானா என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

பிரகாஷ் என் பக்கத்தில் வந்து நின்றான். சத்தமாகச் சொல்லவில்லை. அவனுக்கே கஷ்டமாக இருந்தது.

“அக்கா, அந்தக் கேரக்டருக்கு முடிவெடுக்க ஆளே இல்லக்கா. பிள்ளைங்க பாவம், காலையிலேர்ந்து உக்காந்திருக்குங்க.”

அவன் சொன்னது அப்பட்டமான உண்மை. எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை, அந்த இரண்டு பெண்கள் மேல். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாதா என்று கத்தத் தோன்றியது. இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மேசையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். யாரும் குறை சொல்ல முடியாது. இல்லை, இந்த அக்கா சொல்கிறேன் என்று அதிகாரம் செய்து இவர்களையே ஆடவைக்கலாம்; அப்புறம் பிரகாஷின் எந்த விதிக்கும் மரியாதை இருக்காது. இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது எங்கள் பழைய ஃபேக்டரியில் ஸ்டாக் எடுக்கும் நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு இரண்டு ஷிஃப்ட்டையும் ஒன்றாக வரச் சொல்வார்கள். ஆள் இரண்டு மடங்கு, வேலை பாதி கூட நடக்காது. ஒரே மெஷினுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றுகொண்டு, நீ எடு, நீ எடு என்று இடித்துக்கொண்டிருப்போம். அந்த மெஷினைத் தனித்தனியாக விட்டால் இருவருமே கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார்கள். இவர்கள் செம்பியை ஒன்றாக ஆடியதே இல்லையே. ஆடத் தெரியாதவர்களாக நான்தான் அவர்களை உட்காரவைத்திருக்கிறேன்.

மேசைக்குப் போய், ஜெசிந்தாவின் நாற்காலியைப் பின்னால் இழுத்தேன்.

“ஜெசி, நீங்க கீழ போய் டீ குடிங்க. இப்ப மேகலா ஷிஃப்ட். முடிஞ்சதும் கூப்பிடுறேன், படிக்கட்டுல வந்து வாங்கிக்குங்க.”

எல்லோரும் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார்கள். ஜெசிந்தா மட்டும் பார்க்கவில்லை. சட்டென்று எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, மடமடவென்று இறங்கிப் போனாள். ஷிஃப்ட் முடிந்தவள் எப்படிப் போவாளோ அப்படியே போனாள்.

அவள் தலை மறைந்ததுதான் தாமதம், மேகலா பகடையைக் கையில் எடுத்தாள். செம்பி கயிற்றைச் சோதித்தாள். வழித்துணையாக வந்தவனைச் சந்தேகப்பட்டு இரண்டு கேள்வி கேட்டாள். அறுந்த இடத்தைக் கட்டினாள். தயங்கியவர்களை அதட்டினாள். கேம் மாஸ்டர் அவளுக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறினான். மேசைக்கு உயிர் வந்துவிட்டது. பாலத்தில் கால் வைக்க வேண்டிய கட்டம் வந்ததும் மேகலா பகடையை வைத்துவிட்டு எழுந்தாள்.

“என் நேரம் முடிஞ்சிருச்சுக்கா,” என்றாள். கீழே தெருவில் அவள் கணவரின் வேன் வந்து நின்றுவிட்டது. மெத்தையும் பாத்திரமும் ஏற்றியிருந்தது மாடியிலிருந்தே தெரிந்தது.

படிக்கட்டில் இருந்த பிள்ளைகளை நான் ஒதுங்கச் சொன்னேன். பிரகாஷும் கூட வந்தான். நடுப் படியில் இருவரும் நின்றார்கள். மேகலா வேகமாகச் சொல்ல ஆரம்பித்தாள், மெஷினுக்குப் பக்கத்தில் நின்று சொல்வது போலவே, முகத்தைப் பார்க்காமல்.

“பாலத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிறா. கயிறு மூணு எடத்துல அறுந்திருந்துச்சு, ரெண்டு கட்டியாச்சு, ஒண்ணு முடியல. கூட வர்றவன நம்பாதீங்க. பையில ஒரு நாள் சாப்பாடு இருக்கு. பயந்துதான் இருக்கா, வெளிய காட்டிக்க மாட்டா.” புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “திங்கக்கெழம மெஷினுக்குப் புதுப் புள்ள வருது. வாயே தெறக்காது போல இருக்கு. நீங்களே கேளுங்க, சாப்பிட்டியான்னு. மைக்ராஸ்கோப்புக் கண்ணாடிய இடது பக்கம் கொஞ்சம் திருப்பிக்கச் சொல்லுங்க, இல்லாட்டி கழுத்து வலிக்கும். அவ்ளோதான் ஜெசி. இனிமே சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.”

ஜெசிந்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்.

“வாங்கிக்கிட்டேன்.”

அதைச் சொன்னால்தான் முதல் ஆள் கிளம்ப முடியும் என்பது அவளுக்குத் தெரியும். நான் இத்தனை வருடம் ஃபேக்டரியில் ஆயிரம் தடவை அந்த வார்த்தையைச் சொல்லியும் கேட்டும் இருக்கிறேன். அன்றைக்குப் படியில் நின்று அழுதேன், மறைக்க முயற்சி கூடச் செய்யவில்லை.

ஜெசிந்தா மேலே ஏறிப் போனாள். பிரகாஷ் காலேஜ் பிள்ளைகளிடம் போய், இன்றைக்கு மேசை காலியாகாது என்றான். அவர்கள் முகம் தொங்கியதும், அடுத்த வாரத்திலிருந்து வட்ட மேசையில் காலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். அது அவனுடைய சொந்தக் குழுவின் நேரம். அவன் குழுவினர் அதற்காக அவனை மூன்று மாதம் வைதார்கள். அவன் விதியை மாற்றவில்லை என்பதையும் கவனியுங்கள். பலனைச் சுமக்கிறவர் யாரோ அவர் பாத்திரத்தை ஏற்றவர் என்று அவன் எழுதியிருந்தது அப்படியே இருந்தது. சுமக்கிறவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்ற இடத்தை மட்டும் அடித்துவிட்டான். நான் சொல்லிக் கேட்காதவன் தானே அடித்தான். வகை பிரிக்கிறவர்களில் இப்படிப்பட்ட ஆள் கிடைத்தால் விடாதீர்கள். பத்துப் பேரிடம் திட்டு வாங்கினாலும் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டான்.

மேகலா வேனுக்குப் போகாமல் கீழ்ப் படியில் புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே பகடை உருளும் சத்தம் கேட்டது. யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பதும் கேட்டது. வாருங்கள், கதவுக்குப் பின்னால் நின்றாவது பார்க்கலாம், முடிவைத் தெரிந்துகொள்ளாமலா போவீர்கள் என்று கூப்பிட்டேன்.

“வேணாங்கா. நான் ஆடாத வாரம் என்ன நடந்துச்சுன்னு எப்பவும் ஜெசி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நானே பாத்துட்டேன்னா அவங்க அப்புறம் எதுக்கு எங்கிட்ட பேசணும்?”

சொல்லிவிட்டு எழுந்து, அவள் கணவர் திறந்து வைத்திருந்த கதவில் ஏறிக்கொண்டாள். வேன் டயர் கடையைத் தாண்டித் திரும்பியது. எனக்கு மேலே போகவும் மனமில்லை, அங்கே நிற்கவும் மனமில்லை. பிரகாஷ் எங்கிருந்தோ ஒரு தே ஓ, பால் விடாத டீ, வாங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தான்.

நெடுநேரம் கழித்து ஜெசிந்தா இறங்கி வந்தாள். தலை கலைந்திருந்தது. அவள் மேகலாவைத் தேடவில்லை, போய்விட்டாளா என்றும் கேட்கவில்லை. நேராகக் கடைக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் போய் நின்று போனை எடுத்தாள். அந்தப் பக்கம் எடுக்கும் வரை காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். வேன் அப்போது எந்த டோலில் நின்றதோ தெரியாது.

“மேகலா? கேட்டுக்குங்க. தாண்டிட்டா, உயிரோடதான் இருக்கா. கை கொஞ்சம் சிராய்ச்சிருக்கு. நீங்க சொன்னது சரி, அந்த ஆளு பொய்தான் சொல்லியிருக்கான். இப்ப காட்டுக்குள்ள நிக்கிறா, எந்தப் பக்கம் போறதுன்னு நான் எதுவும் முடிவு பண்ணல.” மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “யோங் பெங்ல இருந்தா என்ன, போன் இருக்குல்ல? அடுத்த சனி எனக்கு வேலை. உங்க ஷிஃப்ட்டு அது. வாங்கிக்கிட்டேன்னு சொல்லுங்க, அப்பதான் நான் வைப்பேன்.”